எண்பது பேருக்குத்தான் இடம்

மகள் தன் கல்யாணத்தை ஒரு பார்னில் வைக்கப்போவதாகச் சொன்னபோது எனக்கு முதலில் அந்தச் சொல்லே பிடிபடவில்லை. கைபேசியில் படம் காட்டினாள். கறுத்த பலகைச் சுவர், உயரமான கூரை, அதைத் தாங்கும் கோணல்மாணலான மரத் தூண்கள், தூண்களைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். ஒரு காலத்தில் வைக்கோலும் தானியமும் வைத்திருந்த கட்டடமாம். இப்போது கென்ட் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அதைத் துப்புரவாக்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களாம்.

"மாட்டுக்கொட்டிலுக்கையோ தாலி கட்டப்போறாய்?" என்று கேட்டேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் நினைத்து வைத்திருந்தது வேறு. லண்டனில் எங்கள் ஆட்களின் கல்யாணம் என்றால் பெரிய மண்டபம், ஐந்நூறு அறுநூறு பேர், வாசலில் நிறைகுடம், கார் விட இடமில்லாமல் சண்டை. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதனால் தகப்பன் இடத்தில் நின்று அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் என் அண்ணன். அவர் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் இருக்கிறார். நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் குளிர்க்கோட்டோடு காத்துக்கொண்டு நின்றவர் அவர். அகதி விசா கிடைக்கும்வரை தன் வீட்டு மேலறையில் என்னை வைத்திருந்தார். கணவரின் செத்தவீட்டன்று எல்லாக் காரியத்தையும் முன்னின்று செய்தவரும் அவர்தான். நோர்பரியில் நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது பால் காய்ச்சியது அவருடைய மனைவி, என் மச்சாள்.

மாப்பிள்ளைப் பெடியன் மகளோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன். இங்கே லண்டனில் டூட்டிங்கில் பிறந்து வளர்ந்தவன், தாய் தகப்பன் யாழ்ப்பாணம். பொறுமையானவன், என்னைக் கண்டால் எழும்பி நிற்பான். அண்ணன் அவர்களுடைய ஊரையும், ஊரில் எந்தப் பக்கம் என்பதையும் கேட்டார். அண்ணன் கேட்கிறார் என்று பெடியனின் தாயிடம் கேட்டுச் சொன்னேன். "விசாரிப்பம்" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. பேசாமல் விட்டதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகளில் மகளும் நானும் பார்ன் பார்க்கப் போனோம். அவள் கார் ஓட்டுவாள், நான் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். ஒரு பார்னின் நிலம் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பெரிய கூடம், உயரக் கூரை, மணவறை வைக்கலாம். வெளியே முற்றத்தில் கூரை போட்ட ஒரு பக்கம் இருந்தது, அங்கே ஓமம் வளர்க்கலாம், தீயணைக்கும் சாமானோடு ஒருவர் பக்கத்தில் நிற்பார் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். முந்நூறு பேர் தாராளமாக இருக்கலாம் என்றும் சொன்னாள். மகளின் முகம் விழுந்துபோனது. களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பார்த்தது சின்னப் பார்ன். உள்ளே ஈர மணம். உத்தரங்கள் கையை உயர்த்தினால் முட்டும் அளவுக்குப் பதிந்திருந்தன. பக்கத்தில் வைக்கோல் அடுக்கியிருப்பதால் உள்ளேயோ வெளியேயோ நெருப்பே கூடாதாம். எண்பது பேருக்கு மேல் இடமில்லை என்று அந்தப் பண்ணைக்காரி மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். என் மகள் அதைக் கேட்டதும் மூச்சை விட்டு, இதுதான் சரியான இடம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன். "முந்தின இடத்திலை ஓமம் வளர்க்கலாம் எண்டவை. இஞ்ச ஒரு குத்துவிளக்குக்கூடக் கொளுத்தேலாது. பேந்து ஏன் பிள்ளை இது?"

வழக்கமாக என்னோடு பாதி ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"எண்பது பேருக்குத்தான் இடம் எண்டு ஆருக்கும் சொல்லலாம் அம்மா. மாமாவுக்கும் சொல்லலாம்."

பிறகுதான் மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. அண்ணன் அவளுக்கு ஆஸ்பத்திரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்திருக்கிறார். சத்தம் போடவில்லையாம், அன்பாகத்தான் பேசினாராம். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, சாதி வேறு, இப்போதே நிறுத்தினால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்று சொன்னாராம். தனக்கு அது விளங்கவில்லை என்று இவள் சொல்ல, உனக்கு விளங்கத் தேவையில்லை, நான் சொல்வதைக் கேட்டால் போதும் என்றாராம். இவள் மறுத்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். மாதக்கணக்கில் என்னிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. பெரிய கல்யாணம் வைத்தால் மாமா வராதது எல்லோருக்கும் தெரியும், அவர் வராவிட்டால் அவரைப் பார்த்து இன்னும் எத்தனையோ பேர் வரமாட்டார்கள், அதையெல்லாம் அவனுடைய அம்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். அதற்காகத்தான் எண்பது பேர் மட்டும் கொள்ளும் ஒரு கட்டடத்தைத் தேடியிருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு எண்டு இஞ்ச அவர் ஒருத்தர்தானே அம்மா இருக்கிறார்."

மழை தூறத் தொடங்கியிருந்தது. வெறும் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாதி என்ற சொல்லை இந்த நாட்டில் பிறந்த என் பிள்ளையின் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தச் சொல்லை அவள் சரியாக உச்சரிக்கக்கூட இல்லை.

மறுநாள் மகளுக்குச் சொல்லாமல் குட்மேய்ஸுக்குப் போனேன். அண்ணன் முன்னறையில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் தேத்தண்ணி தந்துவிட்டுக் குசினிக்குள் போனா. ஆனால் அங்கே பைப் திறக்கும் சத்தமோ கோப்பைச் சத்தமோ கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறா என்று தெரிந்தது.

பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தது உண்மையா என்று கேட்டேன். ஓம் என்றார். ஒளிக்கவில்லை. எனக்குச் சொன்னால் நான் அழுதுகொண்டிருப்பேன், அவளென்றால் படித்தவள், யோசிப்பாள் என்று நினைத்தாராம். தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இனித்தான் சம்பந்தம் பார்க்க வேண்டும் என்றார். நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். பெடியனின் குணத்தைச் சொன்னேன். நாங்கள் அகதியாக வந்து நின்றபோது எங்களை ஆர் எந்த ஆள் என்று பார்த்தார்கள் என்று கேட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நான் வரமாட்டன் எண்டு ஆர் சொன்னது? என்ர தங்கச்சியின்ர பிள்ளை. வாறன். வந்து பிள்ளைக்கு ஒரு சங்கிலி போடுறன். ஆனா அங்க கை நனைக்கமாட்டன். தாரை வார்க்கவும் என்னைக் கேக்காதை."

கை நனைக்காமல் வருவது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் பார்க்க வந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிடாமல் எழும்பிப் போவது. வாய் திறந்து ஒரு சொல் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு அது விளங்கும். அவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத்தான் அது செய்யப்படுவது. அப்படி எழும்பிப் போனவர்களைச் சின்ன வயதில் நான் கண்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றதையும் கண்டிருக்கிறேன்.

"அப்பிடியெண்டா வராதேங்கோ அண்ணை" என்றேன்.

என் வாழ்நாளில் அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "சரி" என்றார். மச்சாள் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. ரயில் நிலையத்துக்கு நடந்து போனேன். பிள்ளைக்காகத்தான் பேசினேன், சரியாகத்தான் பேசினேன் என்று தெரியும். ஆனாலும் அந்த வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு போவேன் என்பதே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, இனிச் சின்னப் பார்ன்தான், எண்பது பேர்தான், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இடத்தை உறுதி செய்வதற்கு முன் மாப்பிள்ளையின் தாய் ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டா. அவ ஒரு குழந்தைகள் பள்ளியில் வேலை செய்கிறவ, நிதானமான பெண். நாங்கள் நாலு பேரும் போனோம். சேலைக்கு மேல் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு, அவ கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. பிள்ளைகள் இருவரும் உள்ளே நின்று பண்ணைக்காரியோடு பேசிக்கொண்டிருக்கையில், என்னை வெளிச்சுவர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா.

தங்கள் பக்கமே இருநூறு பேர் வருமே, ஏன் எண்பது என்று கேட்டா. இப்போதைய பிள்ளைகளுக்குச் சின்னக் கல்யாணம்தான் விருப்பம், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் தொடங்கினேன். அவ குறுக்கே பேசாமல் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தா.

"உங்கட அண்ணை வரமாட்டார், என்ன?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை. வரமாட்டார்" என்றேன்.

"எனக்குத் தெரியும். எங்கட ஊரைக் கேட்ட அண்டைக்கே தெரியும். நான் உங்களைக் குறை சொல்லேல்லை அக்கா. ஆனா என்ர பிள்ளையை ஒளிச்சுவைச்சுக் கலியாணம் செய்துவைக்க எனக்கு ஏலாது. எல்லாரையும் கூப்பிடுங்கோ. வாறவை வரட்டும். வராதவையின்ர கதிரை வெறுமையாக் கிடக்கட்டும்."

மகள் எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அவன் தாய்க்கும் ஓர் அவமானம் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, அவர்களையே ஒளித்துவைப்பதாகப் போய்விட்டது. அவள் முகத்தை அப்போது பார்க்க என்னால் முடியவில்லை. அவனும் பின்னால் வந்தான். மாமா தொலைபேசி எடுத்த கதையே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் இத்தனை நாள் என்னிடம் மறைத்தாய் என்று மட்டும் அவளிடம் கேட்டான்.

அதன்பிறகு வந்த நாட்கள் மிகவும் மோசமானவை. மகள் வேலைக்குப் போய் வந்து நேரே அறைக்குள் போய்விடுவாள். அவனிடமிருந்து அழைப்பு வராது, வந்தாலும் பேச்சு நீளாது. இந்தக் கல்யாணம் நடக்காமலே போய்விடுமோ என்று பயந்தேன். அப்படி நின்றுபோனால் அண்ணன் மனதுக்குள் என்ன நினைப்பார் என்ற எண்ணமும் கூடவே வரும், அது இன்னும் கசக்கும். ஒருநாள் அவன் வேலை முடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். இருவரும் குசினி மேசையில் இருந்து நெடுநேரம் பேசினார்கள். நான் முன்னறையில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தேன். அவன் போன பிறகு மகள் வந்து, பெரிய பார்னுக்கே சொல்லிவிடுகிறேன் அம்மா என்றாள். அவர்களிடம் மிஞ்சியிருந்தது இலையுதிர் காலத்து ஒரு வியாழக்கிழமைதான். எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரையும் நானே கூப்பிட்டேன். சிலர் மனம் நிறைந்து வாழ்த்தினார்கள். சிலர் "பாப்பம்" என்றார்கள். வேலைநாள் என்று சாட்டுச் சொல்ல வியாழக்கிழமை அவர்களுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. அண்ணன் வீட்டுக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பினேன்.

கல்யாணத்தன்று காற்று. முற்றத்துக் கூரையின் கீழ் ஓமப்புகை பக்கவாட்டில் அடித்து எல்லோர் கண்ணும் எரிந்தது. தாரை வார்க்க ஆர் வருகிறீர்கள் என்று ஐயர் கேட்டார். நான் என்றேன். புருஷன் இல்லாத பெண் என்று அவருக்குத் தெரியும். ஒரு கணம் நிதானித்துவிட்டு, "சரி அம்மா, நீங்களே வாங்கோ" என்றார். முன்வரிசையில் இருந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் விடும்போது மகள் கீழிருந்து என் விரலை அழுத்திப் பிடித்தாள். நான் துணிச்சலாக நின்றேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். அந்த நேரம் எனக்குள் துணிச்சல் ஒன்றும் இருக்கவில்லை. அங்கே இருந்திருக்க வேண்டிய இரண்டு ஆண்களையும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சாப்பாட்டு நேரம் கூடத்துக்குள் எங்கள் பக்கத்தில் பல மேசைகள் அப்படியே கிடந்தன. பிளேட்டுகளை எடுத்துவிடலாமா என்று அங்கு வேலை செய்த பெண் என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். சம்பந்தி அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தா. வந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டபடி நிமிர்ந்து நடந்தா.

அப்போதுதான் வாசலில் மச்சாளைக் கண்டேன். தனியாக வந்திருந்தா. ரயிலில் வந்து, அந்தச் சின்ன ஸ்டேஷனில் டாக்சிக்கு வெகுநேரம் காத்து நின்றதில் சேலைக் கரையெல்லாம் சேறு. பிள்ளைகளை ஆசீர்வதித்துவிட்டு, நேரே வந்து ஒரு வெறும் மேசையில் இருந்தா. நானே சோறு கறி கொண்டுவந்து வைத்துப் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."

"தெரிஞ்சால்?"

"தெரியத்தானே போகுது" என்றுவிட்டு, சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினா. அவ அவசரமில்லாமல் பாயசம்வரைக்கும் சாப்பிட்டு முடிக்கையில், எங்கள் பக்கத்துப் பெண்களும் பார்த்தார்கள், சம்பந்தி அம்மாவும் பார்த்தா.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அண்ணன் மச்சாளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். என்னோடு இன்றுவரை இல்லை. மகளும் மருமகனும் இங்கே பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். அவர்களிடம் நான் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. போன மாதம் குட்மேய்ஸுக்குப் போய் மணி அடித்தேன். மச்சாள் கதவைத் திறந்தா. என் குரல் கேட்டதும் அண்ணன் முன்னறையிலிருந்து எழும்பி மாடிப்படியில் ஏறிப் போனார். முழங்கால் வலி அவருக்குக் கூடியிருக்கிறது, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். எனக்கு ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. போகவில்லை. மச்சாளோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போகலாம் என்று இருக்கிறேன்.