ஏழு பேர் ஏறும் வண்டி

1. ஷிப்டு முடிந்து, பேக்கிங் பிரிவுப் பெண்கள் ஏழு பேரும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குச் சேர்ந்து நடந்தார்கள்.
2. மழை வரும்போல் இருந்தது. என் சின்னக் காரை நிறுத்தி, ஏறச் சொன்னேன்.
3. நான்கு பேருக்குத்தான் இடம். ஒருத்தியும் ஏறவில்லை.

"நாலு பேரு ஏறிக்கினா மீதிப் பேரு இன்னா பண்றது மேடம்? நீங்க போங்க, நாங்க பேசிக்கினே வந்துடறோம்" என்றாள் மூத்தவள்.

தொழிற்சாலையில் பெண் சூப்பர்வைசர் நான் ஒருத்திதான். வேலையைத் தவிர வேறெதையும் என்னிடம் யாரும் பேசுவதில்லை.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்தது. ஆறு சிலிண்டர், முன்னும் பின்னும் பெஞ்சு போல நீளமான சீட்டு. என்னையும் சேர்த்து எட்டுப் பேரோடு மணல் பாதையிலும் திணறாது. என் வண்டிக்கு மாற்றாக அதைக் கேட்டேன்.

"பேஜாரு புடிச்ச வண்டிம்மா, பெட்ரோலாக் குடிக்கும். புதுசக் குடுத்துட்டு யாராவது இத்த வாங்குவாங்களா?" என்று சிரித்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். மைலேஜ், டயர், உதிரிபாகம் எல்லாமே வேண்டாம் என்றன. மாற்றிக்கொண்டேன்.

இப்போது ஏழு பேரும் ஏறுகிறார்கள். ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சிரிக்கிறார்கள். இவ்வளவு வேகமான வண்டியை நான் மெதுவாகவே ஓட்டுகிறேன். ஸ்டேஷனில் அவர்கள் இறங்கிய பிறகு, குவார்ட்டர்ஸ் வரை அந்த நீளமான சீட்டில் நான் மட்டும்தான்.