என் பையில் போன இறக்குமதி வெங்காயம்

1995 மாசியில், சண்டை சற்று ஓய்ந்திருந்தபோது, கொழும்பிலிருந்து இணுவிலுக்குப் போனேன். அயல்நாடுகளோடு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து எங்கள் பல்கலைக்கழக நண்பர்கள் ஒரு கூட்டம் வைக்க இருந்தார்கள். அங்கே வெங்காயப் பயிர் செய்கிறவர்களிடம் கேட்டு வந்து பேசு என்றார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை.

அதிகாலை 5.45 ரயிலில் வவுனியா. இராணுவச் சோதனைச்சாவடியில் என் பையைக் கொட்டினார்கள். இணுவிலில் இருக்கும் சின்னம்மாவின் வானொலிக்கு வைத்திருந்த இரண்டு பற்றரிகள் வடக்கே கொண்டுபோகத் தடைசெய்த பொருள், பறிபோயின. இறக்குமதி வெங்காயம் ஒரு கிலோவும் இருந்தது. அங்கே எல்லாமே தட்டுப்பாடு என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியது. அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

உழவு இயந்திரப் பெட்டியில் கடனீரேரிக் கரை, வள்ளத்தில் கிளாலி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் மினிபஸ். இணுவிலுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர்.

"எத்தினை மணிக்கு அண்ணை போய்ச் சேருவம்?" என்று சாரதியைக் கேட்டேன்.

"பெற்றோலிலை ஓடினா நேரம் சொல்லலாம் பிள்ளை. இது முருகன்ரை புண்ணியத்திலை ஓடுது."

சின்னம்மா பொட்டலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "இணுவிலுக்கு வெங்காயம் கொண்டு வந்தவள் நீ ஒருத்திதானடி!"

சிரிப்பு அதோடு நின்றது. சித்தப்பா இறந்தபின் நாலு பரப்புத் தோட்டத்தை அவர்தான் தனியாகச் செய்கிறார். தாளோடு சேர்த்துக் கட்டிய விதை வெங்காயப் பிடிகள் கொட்டிலில் தொங்கின. அவற்றை நடுவதா, மறுநாள் வரும் வியாபாரியிடம் விற்றுவிடுவதா? யூரியா இல்லை. பம்புக்கு எண்ணெய் இல்லை. போரால் அடைபட்ட பாதை திறந்தால் மலிவு வெங்காயம் வந்து குவியும்.

மாலையில் வாசிகசாலையில் தோட்டம் செய்யும் கமக்காரர் கூட்டம். "பெரிய நாடு லொறி லொறியா அனுப்பும். நாங்கள் பிடியைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதே?" என்றார் ஒருவர். பெண்கள் வரிசையிலிருந்து சின்னம்மா எழும்பினார்.

"அவைக்கு மானியத்திலை உரம். எங்களுக்குக் காசு குடுத்தாலும் இல்லை. கொழும்புக்காரர் அயல்நாட்டோடை ஒப்பந்தம் போடமுதல் எங்களோடை ஒண்டு போடட்டும்!"

"கொழும்பிலை போய் இதைச் சொல்ல ஆர் இருக்கினம்?" என்றது ஒரு குரல். சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மறுநாள் வியாபாரியை வெறுங்கையோடு அனுப்பினார். "விதையையும் வித்தா, பிறகு அவையின்ரை வெங்காயத்தைத்தான் வாங்கித் தின்னவேணும்." பம்பு கிடக்க, கிணற்றின் பழைய துலாவைச் சின்னம்மா மிதிக்க, நான் வாளியைப் பிடித்து இறைத்தேன். என் கைகளில் கொப்புளம் வந்தது.

திரும்பும்போது சின்னம்மா தந்த ஒரு பிடி வெங்காயத்தைச் சாவடியில் அவிழ்த்து, ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்து, மண்ணில் கொட்டினார்கள். வெளிநாட்டு வெங்காயத்துக்கு இல்லாத சந்தேகம் எங்கள் வெங்காயத்துக்கு! நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும் போலிருந்தது. குனிந்து பொறுக்கினேன்.

கொழும்புக் கூட்டத்தில் அந்த நசுங்கிய வெங்காயத்தை மேசையில் வைத்தேன். வரிக் குறைப்புப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் மூக்கைப் பொத்தினார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. சின்னம்மா வாசிகசாலையில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

இப்போது போகிறவர்களுக்கு இணுவிலிலேயே ரயில் நிற்கிறது, சாவடி இல்லை. மாசியில் போங்கள், தோட்டம் பச்சையாக இருக்கும். சந்தையில் வெங்காயம் வாங்கும்போது எந்த ஊர் விளைச்சல் என்று கேளுங்கள். நான் இன்னும் கேட்கிறேன், சத்தமாக.