விழுந்த இடத்தைக் காட்டிய பள்ளி

எண்பத்தாறாம் வருஷம் தை அமாவாசைக்கு மறுநாள் செஞ்சியிலிருந்து கிளம்பினோம். என் கணவருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்ட ஆசை. திண்டிவனம் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருப்பவர், ஓட்டத் தெரியாதவரில்லை. ஆனால் பந்தயத் தடத்தில் ஓட்டுவது வேறு வித்தையாம், அதைச் சொல்லிக்கொடுக்கச் சென்னைப் பக்கம் இரண்டு பள்ளிகள் இருந்தன. எந்தப் பள்ளி என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்ற நிபந்தனையின் பேரில் சம்மதித்தேன். மடியில் எட்டு மாதப் பிள்ளை. வேறெப்படிச் சம்மதிப்பது?

அவர் வண்டியில், நானும் பிள்ளையும் பஸ்ஸில். மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டி வாங்கிய எலுமிச்சம்பழத்தை ஹேண்டில்பாரில் கட்டியிருந்தேன். கிளம்பும்போது அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "விழுறது, அடிபடுறது, அந்தப் பேச்சே எடுக்காத. நல்ல காரியத்துக்குப் போறீங்க." எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம்.

தாம்பரத்துக்கு நாலு மணி நேரம், டிக்கெட் ஒன்பது ரூபாய். அங்கிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டரில் முதல் பள்ளி, ஒரு தனியார் மைதானம். கறுப்புக் கண்ணாடி போட்ட முதலாளி எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்காமலே, "நம்மகிட்ட இதுவரைக்கும் ஒருத்தர்கூட விழுந்ததில்ல, தங்கச்சி" என்றார். நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அப்போதே என் கணவரை ஓட்டவும் விட்டார்கள். மனதுக்குள் நான் சரி சொல்லிவிட்டேன்.

இருந்தாலும் பேசியபடி மறுநாள் இரண்டாவதையும் பார்க்கப் போனோம். செங்குன்றத்துக்கு அப்பால், கைவிடப்பட்ட விமான ஓடுதளம். நிழலே கிடையாது. குழந்தையோடு போகிறவர்கள் குடையும் தண்ணீரும் கட்டாயம் எடுத்துப் போங்கள். காக்கி அரைக்கால் சட்டை போட்ட பயிற்சியாளர் வண்டியைச் சுற்றி வந்து எலுமிச்சம்பழத்தின் முன் நின்றார்.

"சாமி சமாச்சாரம், நான் தொடலம்மா. நீங்களே அவுத்துடுங்க. தடத்துல அறுந்து விழுந்தா பின்னாடி வர்றவன் சறுக்கிடுவான்."

'விழுந்தா' என்று அந்தச் சொல்லை அவரே சொல்லிவிட்டார். அவிழ்த்துக்கொண்டே, அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்: "இங்க யாராச்சும் விழுந்திருக்காங்களா?"

"விழாம? போன மாசம் ஒரு பையனுக்குத் தோள் எலும்பு ஒடிஞ்சுது. வளைவுல மணல். பெருக்காம விட்டது எங்க தப்பு. வாங்க, காட்றேன்."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தாரில் வண்டி சிராய்த்த தழும்பு அப்படியே இருந்தது. ரெண்டு பேர் துடைப்பத்தோடு வளைவைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் தடத்தை நடந்து பார்ப்பதும், வண்டி கைமீறினால் எப்படி அதை விட்டுவிடுவது என்பதும்தான் பாடம் என்றார். இவருடைய பின் பிரேக் போதாது, மாற்றாமல் தடத்தில் விடமாட்டேன் என்றும் சொன்னார். மெக்கானிக்கிடம் பிரேக்கைக் குறை சொன்னால் முகம் எப்படிப் போகும்!

திரும்பும்போது டீக்கடையில் இவர் வாய் திறந்தார். "அங்க வந்த அன்னிக்கே ஓட்ட விட்டாங்கடி."

"அதனாலதான் அது வேணாங்கிறேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, பிரேக்குக்கு வேண்டிய சாமான் மவுண்ட் ரோட்டில்தான் கிடைக்கும், போய்விட்டுப் போகலாமா என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் இரண்டு பள்ளியும் கிடையாது. தையிலிருந்து சித்திரை வரை போகலாம். தங்க இடம் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும், நாங்கள் பெரம்பூரில் அக்கா வீட்டில் தங்கினோம். கட்டணம், வண்டி வசதியெல்லாம் பிறகு கேளுங்கள். யார் விழுந்தார்கள், எங்கே, ஏன் என்பதை முதலில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார், "அங்க யாரும் விழமாட்டாங்க இல்ல?"

"விழுவாங்களாம், அத்தை" என்றேன்.

அவர் திட்டவில்லை. பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, பயிற்சி எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டார்.