இரண்டு தட்டு, நிறுத்தி இரண்டு தட்டு

இரண்டு வாரம் நீங்கலாக, ஓந்திரேய் ஹிரிட்ஸ் இருபத்தாறு வருஷம் டிராம் ஓட்டினார். பிட்ஸ்பர்க்குக்கு வெளியே, ஸ்லோவாக்கியர் குடியேறிய மேட்டிலிருந்து ஆற்றோர இரும்பாலை வரைக்கும் ஒற்றைத் தடம். மேட்டில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம், மீதிப் பேர் மனைவி மார்க்கேத்தாவுக்குச் சொந்தம்.

தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் கொட்ட வண்டியில் ஒரு மணல் பெட்டி உண்டு. பனிக்காலத்தில் அதில் கொஞ்சம் வழியோர வீட்டுப் பெண்களுக்கும் போகும். காலால் வண்டியின் மணியை இரண்டு தட்டு, நிறுத்தி இரண்டு தட்டு. வாளியோடு ஓடி வருவார்கள். உறைந்த வாசற்படியில் தூவினால்தான் ஆலைக்குப் போகிறவன் இடுப்பு ஒடியாமல் இறங்க முடியும். கம்பெனிக்கு இது தெரியாது.

அந்த ஜனவரியில் ஒரு நாள், பெய்த மழை அப்படியே உறைந்துபோனது. மார்க்கேத்தாவின் சித்தப்பா மகள் வெரோனா வீட்டில் மாமனார் இறந்திருந்தார். செங்குத்தான படிகளில் சவப்பெட்டி இறங்க வேண்டும். முதல் நடையிலேயே ஓந்திரேய் நான்கு வாளி அள்ளிக் கொடுத்தார்.

"போதும் அத்தான், மணல் பெட்டியத் தொடச்சுக் குடுத்துடாதீங்க."

"உசுரோட இருந்தப்ப உன் மாமனார் குடிச்சிட்டு உருண்டுதான் இறங்குவாரு. கடைசித் தடவையாச்சும் நேரா இறங்கட்டும்."

மேட்டு உச்சிக்குத் திரும்பியதும் மணல் பெட்டியை நிரப்பியிருக்க வேண்டும். ஆலைக்குப் போகிறவர்கள் நாற்பது பேர் குளிரில் காலை உதைத்துக்கொண்டு நின்றார்கள். இந்த ஒரு நடை போய் வந்து நிரப்பலாம் என்று கிளம்பிவிட்டார்.

பாதி இறக்கத்தில் வண்டி வழுக்கியது. பிரேக் கைப்பிடியைச் சுற்றினார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. மணல் கொட்டும் மிதியை மிதித்தார். வெறும் இரும்புச் சத்தம். இறக்கத்தின் அடியில் ரயில் பாதை குறுக்கிடுகிறது. நிலக்கரி ரயில் ஊதிக்கொண்டே வந்தது.

"மணலப் போடுய்யா!" பின்னாலிருந்து கண்டக்டர் மல்வி கத்தினார்.

"இல்ல!"

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லய்யா!"

உள்ளே யாரோ ஜெபம் சொல்லத் தொடங்கினார்கள். ஓந்திரேயின் கால் தானாக மணியைத் தட்டியது. இரண்டு, நிறுத்தி இரண்டு. கதவுகள் திறந்தன. வெரோனா கறுப்பு முக்காட்டோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சாம்பல்! தண்டவாளக் கம்பியில சாம்பலக் கொட்டு!" என்று கத்தினார் ஓந்திரேய்.

சுழலாத சக்கரத்தை அவள் பார்த்துவிட்டாள். கீழ் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ சுசன்னா! அடுப்புச் சாம்பல்! ரெண்டு கம்பியிலயும் கொட்டச் சொல்லுடி!" என்று அலறினாள்.

அந்தக் கூப்பாடு வண்டியை முந்திக்கொண்டு வாசல் வாசலாக ஓடியது. முதல் வாளி காற்றோடு போயிற்று. இரண்டாவதில் சக்கரம் லேசாகக் கடித்தது. நான்காவது வீட்டுக்காரி தணலோடு கொட்டினாள். பனிக்கட்டி சீறி ஆவி கிளம்ப, சக்கரம் கிறீச்சிட்டது.

வண்டி நின்றது. கண்ணாடிக்கு முன்னால் கைக்கெட்டும் தூரம்போலத் தெரிந்த இடத்தில் நிலக்கரிப் பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டிருந்தன.

விசாரிக்க வந்த கம்பெனி மேலாளர், "மணல் எங்கே?" என்றார்.

"குழாய் உறைஞ்சு போச்சு சார்," என்று மல்வி முந்திக்கொண்டார்.

"இல்ல சார். நான்தான் படிக்குத் தூவக் குடுத்துட்டேன்," என்றார் ஓந்திரேய்.

இரண்டு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தே மேடேறினார். வெரோனா வீட்டில் சவப்பெட்டியைத் தூக்கப்போகிற நேரம்.

"வேலைக்குப் போகலியா அத்தான்?"

"லீவு."

"யாரு குடுத்தா?"

"உன் மாமனாருதான்," என்று சொல்லி, பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். மணல் தூவிய படிகளில் ஒருவர் காலும் வழுக்கவில்லை.