போயாக்கில் நான் துப்பாத வைன்

லூர்து மாதாவைப் பார்க்க வேண்டுமென்று நானும் என் வீட்டுக்காரரும் பத்து வருடம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். இந்த ஆண்டு அவருக்கு ரயில்வேயில் நீண்ட விடுப்பு கிடைத்தது, போய் வந்துவிட்டோம். லூர்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது, அங்கிருந்து வழி விலகிப் போய்ப் பார்த்த போயாக் என்ற சின்ன ஊரைப் பற்றி. எழுதாதே என்று எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் சிலர் சொன்னார்கள். அதனாலேயே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் கோயிலில் பீடத் துணிகளைத் துவைப்பதும், பூசைக்குத் திராட்சை ரசம் எடுத்து வைப்பதும் என் பொறுப்பு. முன்பெல்லாம் அந்த ரசம் போயாக் என்று முத்திரை குத்திய பெட்டிகளில் கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் வந்து இறங்கும். போன வருடம் கோயில் கமிட்டி வியாபாரியை மாற்றியது. புதுப் போத்தலிலும் போயாக் என்றுதான் ஒட்டியிருந்தது. ஆனால் கையில் பட்டால் பிசுபிசுத்தது. துணியில் சிந்திய கறை ஒரே அலசலில் போய்விட்டது. நல்ல திராட்சை ரசக் கறையோடு நான் எத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது திராட்சையே இல்லை, இதை வைத்துச் செய்யும் பூசை செல்லுமா என்று கமிட்டியில் கேட்டேன்.

தலைவர் சிரித்தார். "துணி தொவைக்கிறவங்களுக்கு வைனைப் பத்தி என்னம்மா தெரியும்?"

பள்ளிக்கூடத்தில் அவர் மகளுக்கே நான்தான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சரக்கில் ஒரு சின்னப் போத்தலைச் சேலையில் சுற்றிப் பயணப் பெட்டிக்குள் அடியில் வைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறினால் மார்செய் துறைமுகம் மூன்றரை வாரம், அங்கிருந்து லூர்துக்கு ரயில். லூர்தில் காலை ரயிலைப் பிடித்தால் பிற்பகலில் போர்தோ. அங்கே ஓர் இரவு தங்குங்கள். போயாக் அங்கிருந்து முப்பது மைல், ஒன்றரை மணி நேரம், மூன்றாம் வகுப்புக் கட்டணம் நம் காசில் ஒரு வெள்ளிக்குள்தான். வலப்பக்கம் உட்கார்ந்தால் ஊர் நெருங்கும்போது ஆறு தெரியும்.

ஆறு என்றால் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். நம் கிள்ளான் ஆற்றைப் போலவே சேற்று நிறம், அகலம் மட்டும் கடல் போல. துறையில் மீன் படகுகளும் சரக்குக் கப்பல்களும் நிற்கின்றன. ஊர் முடிகிற இடத்திலேயே திராட்சைத் தோட்டம் ஆரம்பித்துவிடுகிறது. கரையோரக் கடையில் சோம்பு போட்டு அவித்த இறால் கொடுத்தார்கள். சோம்பைக் கண்டதும்தான் என் வீட்டுக்காரர் முகத்தில் களை வந்தது.

கன்னிமாடத்துச் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்த அரைகுறைப் பிரெஞ்சில் விசாரித்துக்கொண்டு ஒரு வைன் கிடங்குக்குப் போனோம். பொறுப்பாளர், பெரிய யுத்தத்தில் இடக்கையை இழந்தவர், வந்த விஷயத்தைக் கேட்டார். முதலில் தன் சரக்கை ருசி பாருங்கள் என்று பீப்பாயிலிருந்து மூன்று கிளாஸில் ஊற்றினார். தானும் ஒரு வாய் வைத்து, கொப்பளித்து, தரையில் துப்பினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பீடத்தில் ஒரு சொட்டு சிந்தினாலே பதறித் துடைக்கிற ஆள் நான். நீங்களும் துப்புங்கள் என்று அவர் சாடை காட்டினார். அங்கே வைனின் தரம் பார்க்கிறவர்களின் வழக்கமாம். ஒருவர் உபசரித்ததை அவர் கண்ணெதிரே துப்புவதா? விழுங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர் கிளாஸைத் தொடவே இல்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் போத்தலைத் திறந்தேன். அவர் ஒரு வாய் வைத்தார், துப்பினார்.

"பார்த்தீங்களா!" என்றேன்.

"சும்மா இரு லா. அவரு சொந்தச் சரக்கையே இப்பதான் துப்புனாரு" என்றார் இவர்.

நியாயம்தான். இத்தனை கடல் தாண்டி வந்து, கமிட்டி சிரித்தது சரி என்று ஆகிவிடுமோ? பொறுப்பாளர் மூலையிலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்தார். ஒரு தடவை வாய் கொப்பளித்தார். போதவில்லை போல, இன்னொரு தடவையும் கொப்பளித்தார். தன் வைனுக்கு அவர் அப்படிச் செய்யவில்லை. சீனி, சாயம், சாராயம் மட்டும்தான், திராட்சை இதன் பக்கம்கூட வந்ததில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடமே ஆறு போத்தல் வாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் கமிட்டியில் அவரிடம் வாங்கிய போத்தலையும் கோயில் சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் சொன்னதைச் சொன்னேன். தலைவர் இரண்டையும் முகர்ந்து பார்த்தார். பிறகு, வியாபாரியை மாற்றிவிடலாம், ஆனால் ஒரு பெண்பிள்ளை கிடங்கில் நின்று வைன் குடித்தாள் என்பது வெளியே தெரிந்தால் கோயிலுக்கு அசிங்கம், பங்குச் சாமியார் ருசி பார்த்தார் என்று சொல்லிக்கொள்வோம் என்றார்.

"சாமியார் பார்க்கலிங்க. நான்தான் பார்த்தேன்" என்றேன். என்னோடு வந்திருந்த இவர் இந்தத் தடவை வாசலைப் பார்க்கவில்லை. "ஆமா, நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

லூர்து போகிறவர்கள் போயாக்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். செப்டம்பர் கடைசி என்றால் திராட்சை பறிப்பதையும் பார்க்கலாம். காலையில் குளிரும், கம்பளி எடுத்துப் போங்கள். கிடங்கில் கிளாஸ் நீட்டினால் துப்புவதும் விழுங்குவதும் உங்கள் இஷ்டம். நான் விழுங்கினேன். இப்போது புதுப் பெட்டி வரும்போதெல்லாம், கமிட்டி பார்த்துக்கொண்டிருக்க, முதல் வாய் நான்தான் குடிக்கிறேன்.