தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் செத்துப்போன டோக்கன் மெஷின்

போன வருடத் தைப்பூசத்தன்று பழனி அடிவாரத்தில் என்னை யாரும் அடிக்கவில்லை. அது முருகன் செயல்.

பாதயாத்திரை வந்தவர்கள் பைகளை ஒப்படைத்துவிட்டு மலையேறும் தனியார் காப்பகம் அது. அங்கே டோக்கன் அடித்துத் தரும் மெஷினும், அதை ஓட்டும், சி மொழியில் எழுதிய புரோகிராமும் திண்டுக்கல்லில் உள்ள எங்கள் சின்னக் கம்பெனியுடையவை. அன்று புரோகிராம் மூன்று முறை செத்தது. அணைத்துப் போட்டால் உயிர் வரும். ஆனால் டோக்கன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சாயங்காலம் பதினேழாம் நம்பரோடு நான்கு பேர் வந்து நின்றார்கள். மொட்டை போட்ட ஒருவர் கையில் யாரோ ஒரு கைக்குழந்தையின் துணிமூட்டை.

காப்பகத்தின் முதலாளி வேலுச்சாமி, பாலசமுத்திரத்துக்காரர். சத்தம் போடாமல் கேட்டார்.

"ஏனுங்க மேடம், உங்க மெசினு கூட்டத்தைப் பாத்தா மெரளுதுங்களா? அடுத்த பூசத்துக்கும் இப்படின்னா நான் கோயமுத்தூர்க்காரங்ககிட்ட போயிருவேனுங்க."

அவர் போனால் அடிவாரமே போய்விடும். மற்ற காப்பகக்காரர்கள் எல்லோரும் அவரைக் கேட்டுத்தான் எதையும் வாங்குவார்கள். எங்கள் பிழைப்பில் பாதி அங்கேதான் இருந்தது.

எங்கள் முதலாளி ஜெபராஜ் சார் நல்ல மனிதர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "ரேம் பத்தலம்மா. இன்னொரு கார்டு சேத்துப் போட்டா சரியாப் போகும். அம்புட்டுதான்."

போட்டோம். நான் கம்ப்யூட்டரிலேயே பொய்ப் பைகளை வரிசையாக ஏற்றிப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் வந்ததும் அதே இடத்தில் மண்டையைப் போட்டது. சாதாரண நாளில் அவ்வளவு பைகள் வருவதில்லை. அதனால்தான் வருடம் முழுக்க நல்லபிள்ளையாக இருந்திருக்கிறது.

பிறகுதான், நாங்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும், அதாவது கம்பைல் செய்யும் ஸ்கிரிப்டைத் திறந்தேன். வார்னிங் எதையும் காட்டாதே என்று கம்பைலரின் வாயை அடைக்கும் ஒரு சின்ன ஆப்ஷன் அதில் இருந்தது. எங்கள் ஆபீஸ் வழக்கம் அப்படி: எர்ரர் என்றால் நிறுத்து, வார்னிங் என்றால் நடத்து. அதை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தேன். திரை நிறைய 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்'. ஃபங்ஷன் என்பது புரோகிராமுக்குள் ஒரு வேலையைச் செய்துதரும் துண்டு. அதாவது, இந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறாய், இது யாரென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கம்பைலர் கேட்கிறது.

"அதெல்லாம் சும்மா பொலம்பல்மா. விடு, ஓடுதுல்ல?" என்றார் ஜெபராஜ் சார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "திங்கக்கிழமை ஓடுது சார். பூசத்துக்கு ஓடலையே!"

விஷயம் இதுதான். பைகளின் பட்டியலுக்கு மெமரியில் இடம் பிடித்து, அந்த இடத்தின் முகவரியைத் தரும் ஃபங்ஷன் வேறொரு ஃபைலில் இருந்தது. டிக்ளரேஷன் இல்லாததால், அது வெறும் முழு எண்ணைத் தருகிறது என்று கம்பைலர் தானாக நினைத்துக்கொண்டு, முகவரியில் பாதியை வெட்டிவிட்டது. பட்டியல் சின்னதாக இருக்கும்வரை முகவரியும் சின்ன எண், வெட்டினாலும் நஷ்டமில்லை. பட்டியல் பெருத்ததும் எட்டாத தூரத்தில் இடம் கிடைக்கும், முகவரி நீண்டுவிடும். போன் நம்பரில் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

கம்பைலரின் வாயை மறுபடி அடைக்கவோ, ஃபைலுக்கு ஃபைல் குத்துமதிப்பாக ஒரு டிக்ளரேஷன் எழுதவோ நான் தயாராக இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன வாங்குகிறது, என்ன தருகிறது என்று பார்த்து, மற்ற ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஒரே ஹெடர் ஃபைலில் எழுதினேன். கூப்பிடும் ஃபைலிலும் சேர்த்தேன், அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட ஃபைலிலும் சேர்த்தேன். அப்போதுதான் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கம்பைலரே பார்த்துச் சொல்லும். சொன்னது. இரண்டு தகவல் கேட்கும் ஒரு ஃபங்ஷனுக்கு நாங்கள் இத்தனை காலம் ஒன்றைத்தான் கொடுத்துவந்திருக்கிறோம்.

கடைசி வார்னிங் போனதும் பொய்ப் பைகளை ஏற்றினேன். ஆயிரத்துச் சொச்சம் தாண்டியது. பத்தாயிரம் தாண்டியது. ஒரு லட்சம் தாண்டியபோது நான் போட்ட கத்தலில் ஜெபராஜ் சார் டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

இந்த வருடப் பூசத்துக்கு மெஷின் பக்கத்திலேயே நின்றேன். பை வந்துகொண்டே இருந்தது. ஆயிரம் நெருங்கியதும் காப்பகத்து ஆட்கள் பழக்கத்தில் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்கள். "கையை எடுங்கப்பா!" என்று அதட்டினேன். வேலுச்சாமி மெஷினைப் பார்க்காமல் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டோக்கன் மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. அன்று ஒரு நம்பருக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரு பை. எல்லாப் பையும் அதனதன் தோளில் ஏறிப் போனது.

காலியான அலமாரிகளை வேலுச்சாமி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "பங்குனி உத்திரத்துக்கு இன்னும் நாலு மெசின் வேணுமுங்க அம்மிணி. பக்கத்துக் காப்பகக்காரங்களும் கேட்கறாங்க."

இப்போது எங்கள் ஆபீஸில் ஒரு வார்னிங் இருந்தாலும் புரோகிராம் கம்பைல் ஆகாது, அப்படி மாற்றிவைத்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். ஆபீஸில் உட்கார்ந்து கம்பைலரிடம் திட்டு வாங்குவது சுகம். பதினேழாம் நம்பரோடு நிற்கும் நான்கு பேரிடம் வாங்கிப் பார்த்தவள் சொல்கிறேன்.