சங்குமுகத்துச் செருப்புகள்

பக்கத்து ஃபிளாட்டில் சாளை மீன் பொரிக்கிறார்கள். உங்களுக்கென்றால் நாக்கில் நீர் ஊறும். எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும்.

கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் டீம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பியது. காலையில் பேன்ட்டுக்கு மேல் வாடகை வேட்டி சுற்றிக்கொண்டு கோயில், மத்தியானம் சாலை கடைத்தெருவில் சாப்பாடு, சாயங்காலம் சங்குமுகம் கடற்கரை. நான் சங்கரன்கோவில்காரன். அதுவரை கண்ட பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் குளம்தான், அதுவும் மழை பெய்த வருஷத்தில். கடலில் கால் நனைக்கும் ஆசையில் வேனில் முதல் ஆளாக ஏறியிருந்தேன்.

எங்கள் மேனேஜர் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் தமிழ் பேசுகிறவர், ஆபீஸில் என்னைப் பாண்டி என்பார். அங்கே மலையாளிகள் தமிழனை மட்டம் தட்டும் சொல் அது. மற்றவர்கள் சொன்னால் உதறிவிடலாம், இவர் சொன்னால் சுடும்.

கரையில் மீனவர்கள் கம்பவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் விட்ட வலையை மணலில் நின்றபடியே கயிறு கட்டி இழுப்பது. வழிப்போக்கன் கை கொடுத்தாலும் அவனுக்கு ஒரு பிடி மீன் உண்டு. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். நானும் குனிந்தேன்.

“டேய் பாண்டி, உனக்குக் கடல் அறியாமோ? நீ இவிட நின்னு செருப்பை நோக்கிக்கோ. நாய் கொண்டுபோகும், கேட்டியா!” என்றார் மேனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வலை கரையேறி சாளை துள்ளியது. போட்டோவுக்காகக் கயிற்றைத் தொட்ட மேனேஜருக்கும் பங்கு கிடைத்தது. ஒரு மீனவர் என் பக்கமும் கை நீட்டினார்.

“இவன் வலிச்சில்லல்லோ சேட்டா!” என்று மேனேஜர் தடுத்துவிட்டார். நான் இழுக்கவில்லையாம்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவே இல்லை. இதே மணலில் ஒருநாள் இவரை நிறுத்தி, என் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடலில் இறங்குவேன் என்று கறுவிக்கொண்டேன். அதுவரை அந்தப் பக்கம் போவதில்லை என்று வீம்பு வேறு.

போன வாரம் அவரே கூப்பிட்டார். வேலை போய்விட்டதாம். இப்போது நான் இருக்கும் கம்பெனியில் ஓர் இடம் கேட்டார்.

“சங்குமுகத்துக்கு வாங்க சார், பேசலாம்” என்றேன். அதற்கென்றே புதுச் செருப்பும் வாங்கினேன். சிரிக்காதீர்கள்.

நரைத்த தலையோடு வந்தார். “இவிடெதானே நாம வலை வலிச்சோம்? நமக்கு அன்னிக்கு எத்தனை சாளை கிட்டிச்சு!” என்றார். நமக்காம்!

“எனக்குக் கிடைக்கல சார். நான் செருப்புக்குக் காவல் நின்னேன்.”

“அப்படியா?” என்றார். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம் என்று கடல் பக்கம் திரும்பினேன். மணலே இல்லை. கரையைக் கடல் அரித்துத் தின்றிருந்தது. நாங்கள் நின்ற இடத்தில் ரோட்டோரம் வரை பாறாங்கல் கொட்டிக் கிடந்தது. கம்பவலைக்காரர்களும் இல்லை. இத்தனை வருஷம் வளர்த்த வஞ்சத்துக்கு, செருப்பைக் கழற்றிப் போட ஒரு முழம் மணலைக்கூட அந்தக் கடல் விட்டுவைக்கவில்லை.

வேலைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதோ, மறுபடியும் அவர்தான் போனில். மணல் போனால் போகட்டும், அவர் கொஞ்சம் காத்து நிற்கட்டும்.